தொட்டிக்கு நடந்த வாக்கெடுப்பு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள் தெருமுனையிலேயே நின்றுவிட்டாள். காலையில் அவள் கிளம்பும்போது மொட்டை மாடியில் மூலைக்கு ஒன்றாக நாலு கறுப்புத் தொட்டிகள்தான் இருந்தன. இப்போது நட்டநடுவில் ஒரு நீலத் தொட்டி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அதற்கு முன்னால் பழைய தொட்டிகள் நாலும் டம்ளர் மாதிரி தெரிந்தன.

மொட்டை மாடியின் நட்டநடுவுக்கு நேர் கீழே அவள் வீடு. மூன்றாவது மாடி, அதுதான் கடைசி மாடி. அந்த வீட்டில் அந்த நீலத் தொட்டிக்குக் கீழே பதினோரு வயது மகளின் அறை இருந்தது. கட்டிலும் அங்கேதான்.

அவள் பதினாறு வருஷமாக பெயிண்ட் ஆலையில் கலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். இப்போது மேற்பார்வையாளர். பீப்பாய், டிரம், வாளி, ஆளுயரக் கலவைத் தொட்டி என்று நாள் முழுக்கப் பாத்திரங்களோடுதான் குடித்தனம். எது எத்தனை லிட்டர் பிடிக்கும், அந்த லிட்டர் எத்தனை கிலோ கனக்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. வெள்ளை பெயிண்ட் ஒரு லிட்டர் ஒன்றரைக் கிலோ வரை நிற்கும், தின்னர் ஒரு கிலோவைக்கூடத் தொடாது, தண்ணீர் ஒன்றுக்கு ஒன்று. இது தெரியாமல் லாரி பிடிக்க வரும் ஆபீஸ்காரர்களை அவள் மனுஷர்களிலேயே சேர்ப்பதில்லை. கட்டடத்தில் எல்லாரும் அவளை 'பெயிண்ட் அக்கா' என்பார்கள். பெயிண்ட் விலையில் ஏதாவது தள்ளுபடி கிடைக்குமா என்று கேட்பதற்கு மட்டும்தான் அந்த அக்கா.

படியேறி நேராக மொட்டை மாடிக்குப் போனாள். அங்கே சங்கத் தலைவர் இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு தொட்டியைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். முப்பது வருஷம் வீட்டுத் தரகராக இருந்தவர். கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் சுவரைப் பார்த்து இது எத்தனை சதுர அடி என்று சொல்லிவிட்டுத்தான் நலம் விசாரிப்பார். அதனால் அவருக்குப் பின்னால் எல்லாரும் வைத்த பெயர் 'சதுரடி'.

"பார்த்தியாம்மா? சும்மா கிடைச்சுது. சாயப்பட்டறை ஒண்ணை மூடுறாங்க, தூக்கிட்டுப் போங்கன்னுட்டாங்க. இனிமே காலையில தண்ணி இல்லைங்கிற பேச்சே கிடையாது."

"எத்தனை லிட்டர் பிடிக்கும்?"

"ஆயிரத்து ஐந்நூறு. சரியாச் சொல்லணும்னா ஆயிரத்து ஐந்நூத்து அறுபத்தெட்டு."

"யாரு சொன்னது?"

"நான்தான். அளந்தேன்ல! குறுக்கே எட்டடி, உயரம் ஏழடி. எட்டேழு ஐம்பத்தாறு. ஓரடிக்கு இருபத்தெட்டு லிட்டர்னு போன்லயே போட்டிருக்கான். பெருக்கிப் பார்த்துக்கோ."

அவள் தப்பாகக் கணக்குப் போடுகிறவர்களை ஆலையில் தினமும் பார்க்கிறாள். ஆனால் ஒரு தொட்டியைச் சுவரில் ஒட்டிய காகிதமாக நினைத்து அகலத்தையும் உயரத்தையும் மட்டும் பெருக்கி, வந்த சதுர அடியை லிட்டராக்கிய மகானை இப்போதுதான் பார்க்கிறாள்.

"சார், அது கன அடிக்கு இருபத்தெட்டு லிட்டர். நீங்க போட்டிருக்கிறது சதுர அடி."

"அடின்னா அடிதாம்மா. முப்பது வருஷமா அடியிலதான் சோறு சாப்பிடுறேன்."

"வீட்டுக்கு உயரம்னு ஒண்ணு கிடையாதா?"

"வீடு விக்கும்போது உயரத்தை எவன் கேட்டான்?"

அவள் மூலையில் இருந்த கறுப்புத் தொட்டியைக் காட்டினாள். "அது ஆயிரம் லிட்டர். மேலேயே எழுதியிருக்கு. என் நெஞ்சு உயரம்கூட இல்லை. இது அதைவிட அரைப் பங்குதான் பெரிசா? கண்ணாலே பாருங்க."

"கண்ணால பார்த்துக் கணக்குப் போட முடியுமா? நீதானேம்மா படிச்சவ!" என்றார் சதுரடி, ரொம்ப வருத்தப்பட்டவராக.

அவள் கீழே போய் டேப்பை எடுத்து வந்து தானே அளந்தாள். அளவில் அந்த மனிதர் தப்புச் செய்யவில்லை. எட்டடி, ஏழடி. ஒரு சீட்டில் எழுதினாள். வட்டத் தொட்டி, எட்டடியில் பாதி நாலடி. நாலு நாலு பதினாறு. அதை மூன்று புள்ளி ஒன்று நாலால் பெருக்கினால் ஐம்பது சதுர அடிச் சொச்சம், அது அடிப்பகுதி மட்டும். ஏழடி உயரத்துக்கு முந்நூற்று ஐம்பத்தொரு கன அடிச் சொச்சம். கன அடிக்கு இருபத்தெட்டேகால் லிட்டருக்குக் கொஞ்சம் கூட. மொத்தம் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு லிட்டர். பத்தாயிரம் என்றே வைத்துக்கொள்ளலாம். பத்தாயிரம் லிட்டர் தண்ணீர் பத்தாயிரம் கிலோ. பத்து டன். பழைய தொட்டிகளை வைத்தவர்களாவது கொஞ்சம் யோசித்து மூலைத் தூண்களுக்கு மேலே செங்கல் கால் வைத்து உட்கார்த்தியிருந்தார்கள். இது தூணுமில்லாமல் உத்தரமுமில்லாமல் வெறும் தளத்தின் நடுவில் இருந்தது. ஏன் நடுவில் என்று கேட்டதற்கு, அங்கே வைத்தால்தான் தெருவிலிருந்து பார்க்க எடுப்பாக இருக்கிறது என்றார் சதுரடி.

வீட்டுக்குள் வந்ததும் கணவனிடம் சீட்டைக் காட்டிச் சொன்னாள். அவன் தபால் அலுவலகத்தில் கவுன்ட்டரில் உட்காருகிறவன். யாரோடும் சண்டைக்குப் போகமாட்டான், யாருக்கும் இல்லை என்று சொல்லமாட்டான். கடையில் வாங்கின மீதிச் சில்லறையைக்கூட வெளியே வந்துதான் எண்ணுவான், குறைந்திருந்தாலும் திரும்பிப் போய்க் கேட்காத ரகம்.

"இருக்கும்" என்றான்.

"இருக்கும்னா?"

"நீ சொன்னா இருக்கும். நாளைக்கு மீட்டிங்ல பேசலாம்." சீட்டு சாப்பாட்டு மேஜையிலேயே கிடந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் கீழே வண்டிகள் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுக் கூட்டம் நடந்தது. பன்னிரண்டு வீடு, வீட்டுக்கு ஒரு ஓட்டு. அந்த ஓட்டும் யார் பெயரில் வீடு பதிவாகியிருக்கிறதோ அவருக்குத்தான். அவள் வீட்டில் அது கணவன். அவள் வெறும் பேச்சாளி.

பேசினாள். நன்றாகவே பேசினாள். சீட்டைப் பார்க்காமல் படிப்படியாகச் சொன்னாள். பத்து டன் என்றால் என்ன என்று புரிவதற்காக, எதிரில் நின்றிருந்த கார்களைக் காட்டி, இந்த மாதிரி எட்டுக் காரை என் மகள் தலைக்கு மேலே நிறுத்தப் போகிறீர்கள் என்றாள். ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் ஏற்றவேண்டாம் என்றாள்.

"இன்ஜினியரைக் கூப்பிட்டா வேணாம்னுதான் சொல்லுவான். வேணாம்னு சொல்றதுக்குத்தானே அவனுக்கு டிகிரி குடுத்திருக்காங்க" என்றார் சதுரடி. நாலைந்து பேர் சிரித்தார்கள். "அந்தத் தொட்டியை நாலு பேர் கயித்தைக் கட்டி மேல தூக்கினாங்க. நாலே பேர்! அதுவா பத்து டன்?"

"வெறும் தொட்டி சார் அது! தண்ணிக்குக் கனம் கிடையாதா?"

"தண்ணி என்னம்மா கனம், தண்ணி."

முதல் மாடி பல் டாக்டரம்மாவை அவள் நம்பிக்கையோடு திரும்பிப் பார்த்தாள். மருந்தை மில்லி மில்லியாக ஊசியில் ஏற்றுகிறவள், அவளுக்குமா புரியாது?

"நான் சயின்ஸ் குரூப்பு, கணக்குல கொஞ்சம் வீக்" என்றாள் டாக்டரம்மா. சொல்லிவிட்டுப் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தாள். இவளிடம் போய் வாயைத் திறக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டாள் பெயிண்ட் அக்கா.

அப்போதுதான் தரைத்தளத்துப் பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். தொழிலாளர் துறையில் சமரச அலுவலராக இருந்து ஓய்வுபெற்றவர். தொழிலாளி இருபது கேட்டு முதலாளி பத்து தருவேன் என்றால் பதினைந்தில் முடித்துவைப்பது அவர் வேலை. முப்பத்தைந்து வருஷம் அதையே செய்து, உலகத்தில் எல்லாமே நடுவில்தான் இருக்கிறது என்று முடிவுக்கு வந்துவிட்டவர்.

"ரெண்டு தரப்பையும் கேட்டோம்" என்று ஆரம்பித்தார். "தலைவர் ஆயிரத்து ஐந்நூத்து அறுபத்தெட்டு லிட்டர்ங்கிறார். அந்தம்மா ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டுங்கிறாங்க. ரெண்டு பேருமே படிச்சவங்க, அனுபவஸ்தங்க. நாம யாரையும் தப்பு சொல்லவேண்டாம். ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கினா ஐயாயிரத்து எழுநூத்து அறுபது வருது. அந்த எழுநூத்து அறுபதை அந்தம்மா விட்டுக்கொடுக்கட்டும். ஐயாயிரம்னு முடிச்சுக்குவோம்."

"என்னது, விட்டுக்கொடுக்கிறதா?" என்றாள் அவள். "சார், தொட்டி என்ன பேச்சுவார்த்தைக்கா வந்திருக்கு? அது பிடிக்கிறதைத்தான் பிடிக்கும்!"

"கோபப்படாதேம்மா. கோபப்பட்டா உன் தரப்பு பலவீனமாயிடும்."

"சரி, உங்க ஐயாயிரமே இருக்கட்டும். அதுவே அஞ்சு டன்னு. அதை மட்டும் அந்தத் தளம் தாங்குமா?"

கூட்டம் அதற்குள் தளத்தை விட்டுவிட்டுச் சமரசத்தைக் கொண்டாட ஆரம்பித்திருந்தது. ஐயாயிரம் நல்ல எண், உருண்டையான எண், யாருக்கும் மனக்கசப்பில்லாத எண். ஓட்டுக்கு விடுவோம் என்றார் சதுரடி. அவரும் ஆயிரத்து ஐந்நூற்றிலிருந்து ஐயாயிரத்துக்கு இறங்கி வந்ததாகப் பெருந்தன்மையோடு அறிவித்தார்.

கொள்ளளவுக்குக் கை தூக்கினார்கள். பள்ளிக்கூடம் போய், வாய்ப்பாடு ஒப்பித்து, பரீட்சை எழுதித் தேறி, வேலைக்குப் போய், வீடு வாங்கின பெரிய மனுஷர்கள் ஒரு தொட்டியில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்பதைக் கை தூக்கி முடிவுசெய்தார்கள். அவளுக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று சதுரடி எண்ணிக்கொண்டு வந்தார். பதினொன்று வரை எண்ணிவிட்டு அவள் பக்கம் பார்த்தார். அவளைத் தாண்டி, பக்கத்து நாற்காலியைப் பார்த்தார்.

அவள் திரும்பினாள். கணவனின் கை மெதுவாக மேலே போய்க்கொண்டிருந்தது. முழுசாகக்கூடத் தூக்கவில்லை. காது உயரத்தில் நிறுத்தி, தலையைச் சொறிகிற மாதிரி வைத்துக்கொண்டிருந்தான்.

"பன்னிரண்டு" என்றார் சதுரடி. "ஒருமனதா நிறைவேறியது" என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிறகு நினைத்துக்கொண்டாள். "எதுக்குத் தூக்கினீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும்? எல்லாரும் ஐயாயிரம்ங்கிறாங்க. நீ பத்தாயிரம்ங்கிற. எனக்குக் கணக்கு வராதுன்னு உனக்கே தெரியும்."

அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டாள். கணக்கு வராதவனை என்ன செய்வது? கோபத்துக்கு நடுவிலும் அவன் மேல் கொஞ்சம் பரிதாபம்கூட வந்தது. நகராட்சிப் புகார் எண்ணுக்குப் போன் செய்தாள். அலுவலகம் திங்கள்கிழமை திறக்கும் என்று ஒரு பதிவு செய்த குரல் சொல்லி நன்றியும் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மோட்டார் ஓட ஆரம்பித்தது. மோட்டார் அறைச் சாவி சதுரடியின் இடுப்பில். மேலே தொட்டியைச் சுற்றி ஏழெட்டு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தொட்டி நிறைந்து வழிகிற குழாயிலிருந்து முதல் தண்ணீர் விழும்போது கை தட்டுவதாக ஏற்பாடு. அவள் கணவனும் அங்கேதான். கூப்பிட்டார்கள், போனான்.

அந்த மோட்டாரைப் பற்றி அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆயிரம் லிட்டர் கறுப்புத் தொட்டியை நிரப்ப இருபது நிமிஷம் எடுத்துக்கொள்ளும். யார் எப்போது போட வேண்டும், எப்போது அணைக்க வேண்டும் என்று அறிவிப்புப் பலகையிலேயே எழுதி ஒட்டியிருந்தது. அப்படியானால் சதுரடியின் கணக்கு ஒன்பதரைக்கு வழியவேண்டும். சமரசத்தின் கணக்கு பத்து நாற்பதுக்கு வழியவேண்டும். அவள் கணக்குப்படி பன்னிரண்டே கால் தாண்டும்.

வாழ்க்கையிலேயே முதல்தடவையாக, தன் கணக்கு தப்பாக இருக்கவேண்டும் என்று அவள் மனசார வேண்டிக்கொண்டாள். அந்த முட்டாளின் கணக்கே ஜெயிக்கட்டும். ஒன்பதரைக்கே வழியட்டும். ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிக்கட்டும்.

முதல் வேலையாக மகளைக் கீழே அனுப்பினாள். "தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய் சைக்கிள் ஓட்டு. நான் கூப்பிடுற வரைக்கும் மேல வராதே."

"ஏம்மா?"

"சொன்னா கேளு."

ஒன்பதரை ஆயிற்று. வழியவில்லை. மாடியிலிருந்து சதுரடியின் குரல் கேட்டது. "இன்னிக்கு வோல்டேஜ் கம்மி." பத்து மணி ஆயிற்று. பத்தேகால் ஆயிற்று. சதுரடியின் ஆயிரத்து ஐந்நூறு எப்போதோ செத்துப் போயிருந்தது. பத்து நாற்பதுக்கு அவள் மேலே போனாள். தொட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக் கீழிருந்து மேலே தடவினாள். தண்ணீர் இருக்கிற உயரம் வரை பிளாஸ்டிக் சில்லென்று இருந்தது, அதற்கு மேலே வெயில் பட்டுச் சுட்டது. அவள் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே அந்தக் கோடு இருந்தது. மூன்றரை அடி. பாதித் தொட்டி.

"ஐயாயிரம் ஆயிடுச்சு" என்றாள் எல்லாரையும் பார்த்து. "நீங்க கை தூக்கின ஐயாயிரம். தொட்டி பாதிதான் நிறைஞ்சிருக்கு. தொட்டுப் பாருங்க. இப்பவாவது மோட்டாரை அணைங்க."

"பாதின்னா இன்னும் பாதி இடம் இருக்குன்னுதானே அர்த்தம்" என்றார் சதுரடி. "நல்லதுதானே! கூட ஐயாயிரம் சும்மா."

சமரசப் பெரியவர் தலையாட்டினார். "எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைச்சா ஏம்மா வருத்தப்படணும்?"

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் கீழே இறங்கி வந்து மகளின் அறைக் கதவைத் தள்ளினாள். கதவு பாதியில் நின்றுவிட்டது. நேற்று வரை ஒற்றை விரலால் தள்ளினால் திறக்கும் கதவு. மேல்சட்டம் கீழே இறங்கிக் கதவைக் கடித்துக்கொண்டிருந்தது. தோளால் இடித்துத் திறந்தாள். மின்விசிறி மாட்டியிருந்த இடத்திலிருந்து ஜன்னல் சுவர் வரை விட்டத்தில் ஒரு விரிசல் ஓடியிருந்தது. கட்டிலில் மகளின் தலையணை மேல் சுண்ணாம்புப் பொடி கொட்டிக் கிடந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் கொட்டியது.

அவளுக்குப் பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. மணி பதினொன்று. மேலே ஆறு டன். படியேறி மொட்டை மாடிக் கதவில் நின்றுகொண்டு, குரலைத் தேன் மாதிரி ஆக்கிக்கொண்டு கூப்பிட்டாள்.

"எல்லாரும் வெயில்ல உட்கார்ந்திருக்கீங்க. எங்க வீட்டுக்கு வாங்க. டீ போட்டிருக்கேன்."

டீ என்றதும் எல்லாரும் எழுந்தார்கள். பெயிண்ட் அக்காவுக்கு ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டது என்று பெரியவர் யாரிடமோ மெல்லச் சொன்னார். கூடத்தில் உட்காரப் போனவர்களை அவள் தடுத்தாள்.

"இங்க இல்லை. உள்ள, பாப்பா ரூம்ல. அங்கதான் காத்து நல்லா வரும்."

அவள் முதலில் உள்ளே போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில், அந்த விரிசலுக்கு நேர் கீழே நின்றுகொண்டாள். பயம் இல்லாமல் இல்லை. உச்சந்தலையெல்லாம் கூசியது. ஆனாலும் நின்றாள்.

வாசற்படியில் வந்த ஏழெட்டு பேரும் தலையை உயர்த்தினார்கள். உயர்த்தியது உயர்த்தியபடி நின்றது.

"வாங்க சார். வந்து உட்காருங்க. ஐயாயிரம் லிட்டர்தானே? தண்ணிக்கு ஏது கனம்? பன்னிரண்டு கை தூக்கி ஒருமனதா நிறைவேத்தின தண்ணி. நோட்டுலகூட எழுதியிருக்கு. தலைவர் நீங்க முதல்ல வாங்க."

சதுரடி ஒரு காலை உள்ளே வைக்கப் போய் எடுத்துக்கொண்டார். பழக்க தோஷத்தில் சுவரிலிருந்து சுவருக்குக் கண்ணை ஓட்டி, "பத்துக்குப் பத்து, நூறு சதுர அடி. நல்ல ரூம்" என்றார். குரல் கம்மியிருந்தது.

"டாக்டரம்மா, நீங்க?"

"எனக்கு ஒரு பேஷண்ட் வந்து காத்திட்டிருக்காங்க" என்றாள் டாக்டரம்மா. ஞாயிற்றுக்கிழமையில் யாருக்குப் பல் வலிக்கிறதோ தெரியவில்லை, படியில் தடதடவென்று இறங்கிப் போனாள்.

"பெரியவர் வாங்க."

"உள்ளயும் வேணாம், வெளியேயும் வேணாம். இப்படி வாசப்படியிலயே நின்னு பேசிக்குவோம்" என்றார் சமரசப் பெரியவர். சாகிற நேரத்திலும் நடுவில்தான் சாவார் என்று அவளுக்குத் தோன்றியது.

விட்டத்திலிருந்து கட்டை விரல் அளவுக்கு ஒரு சுண்ணாம்புச் சில்லு உதிர்ந்து கட்டில் மேல் விழுந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. ஆனால் வாசற்படி காலியாகிவிட்டது. "மோட்டார் ரொம்ப நேரமா ஓடுது, சூடாயிடும்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிக்கொண்டே சதுரடி இரண்டு இரண்டு படியாக இறங்கினார். ஒரு நிமிஷத்தில் மோட்டார் சத்தம் நின்றது. தப்பு என்றோ மன்னிப்பு என்றோ ஒரு வார்த்தை கிடையாது. மோட்டார் சூடாகிவிடும், அவ்வளவுதான்.

அவள் மேலே போய்த் தொட்டியின் அடியில் இருந்த வால்வைத் திறந்தாள். தண்ணீர் மொட்டை மாடி முழுக்கப் பரவி, மழைநீர்க் குழாய் வழியாகத் தெருவில் கொட்டியது. யாராவது வந்து மூடிவிடுவார்களோ என்று அங்கேயே உட்கார்ந்திருந்தாள். ஒருவரும் வரவில்லை. முதல் ஒரு மணி நேரம் வேகமாகக் கொட்டியது, பிறகு தளர்ந்தது. தொட்டி காலியாகும்போது மணி நாலு. மதியச் சாப்பாட்டைக்கூட மறந்திருந்தாள்.

இறங்கி வந்தபோது கணவன் மகளின் கட்டிலைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டு, விரிப்பை உதறி மடித்து வைத்திருந்தான். மகளும் மேலே வந்து அந்தக் கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் அவளுக்கு மனசு கொஞ்சம் இளகியது. என்ன இருந்தாலும் அந்தக் கும்பலில் இவன் ஒருவன்தான் அந்த அறைக்குள் போய் எதையாவது எடுத்து வந்திருக்கிறான். பாவம், கணக்கு வராதவன். பெரிய மனுஷர்கள் சொன்னதை நம்பிவிட்டான்.

"சாப்பிட வா" என்றான். தட்டை வைத்தான். அவள் முதல் கவளத்தை எடுத்தாள்.

"பத்தாயிரம்னு சொன்னேன்ல. இப்பவாவது நம்புறீங்களா?" என்று கேட்டாள். கேட்டதில் கோபம்கூட இல்லை. ஜெயித்தவள் சும்மா ஒரு தடவை கேட்டு வைத்த கேள்விதான்.

அவன் எதிரில் உட்கார்ந்தான். அவளைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று நினைத்தானோ என்னவோ, முகத்தில் ஒரு சின்னச் சிரிப்போடு சொன்னான்.

"உன் கணக்குலயும் ஒரு சின்னத் தப்பு இருக்கு. ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு இல்லை. ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்துமூணு. நீ மூணு புள்ளி ஒண்ணு நாலோட நிறுத்திட்ட. கன அடிக்கும் இருபத்தெட்டு புள்ளி மூணுதான் போட்ட. அது இருபத்தெட்டு புள்ளி மூணு ஒண்ணு ஆறு எட்டு."

கவளம் அவள் கையிலேயே நின்றது.

"எப்பப் போட்டீங்க?"

"நேத்து மத்தியானம். உன் சீட்டை எடுத்துட்டுப் போயிருந்தேன். கவுன்ட்டர்ல கூட்டம் இல்லை. ரெண்டு தடவை போட்டுப் பார்த்தேன்."

"நேத்து மத்தியானம்" என்று அவள் திருப்பிச் சொன்னாள். "மீட்டிங் சாயங்காலம்."

அவன் சிரிப்பு போய்விட்டது. தண்ணீர் டம்ளரை எடுத்தான், குடிக்காமல் வைத்தான். "எல்லாரும் தூக்கிட்டாங்க. நான் மட்டும் கையைக் கீழ வச்சிருந்தா என்ன நினைப்பாங்க? பெண்டாட்டி சொல்றதுக்கு ஆடுறான்னு..."

இரண்டு நாளாக அவள் யார் யாரை எல்லாமோ மனசுக்குள் திட்டித் தீர்த்திருந்தாள். சதுரடியை, பெரியவரை, டாக்டரம்மாவை. அவர்களுக்குப் பெருக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான் அவர்கள் செய்த பாவம். இவனுக்கு நாலு தசமம் வரை தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டு, அந்தக் கையைக் காது வரைக்கும் தூக்கியிருக்கிறான். அவளுக்கு அவனைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

கட்டிலில் கால் ஆட்டுவது நின்றிருந்தது.

"அப்பா" என்றாள் மகள். "அந்த ரூம்ல நான்தானே படுப்பேன்?"

அவன் மகளைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தான். இதற்கும் அவளே ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவாள் என்று காத்திருந்தான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு மகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவளும் அவன் பதிலுக்காகக் காத்திருந்தாள்.